ஐந்தாவது வாசல்

1987 ஜூன் 8 அன்று, செஞ்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள நூருல்லாவின் ரேடியோ ரிப்பேர் கடையில், சென்னையிலிருந்து லாரியில் வந்த இரண்டு வீடியோ கேம் பெட்டிகள் இறக்கப்பட்டன.

இரண்டும் ஒரே உயரம், ஒரே பச்சைப் பெயின்ட். உள்ளே இருந்த போர்டும் ஒன்றுதான். அதில் செருகியிருந்த, விளையாட்டை எழுதிவைத்த எட்டு சிப்புகள் மட்டும் வேறு. ஒரு பெட்டியில் கார் பந்தயம். மற்றதில் ஒரு மலைக்கோட்டை. சிப்பாய் ஒருவன் அடிவாரச் சுனையிலிருந்து தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு ஏழு வாசல் தாண்டி உச்சிக்குப் போக வேண்டும். வழியில் குரங்குகள் குடத்தைப் பிடுங்கும், பாறைகள் உருளும். பெட்டிகளைச் செய்த கம்பெனியின் முதலாளி ரங்கநாதன் இரண்டையும் ஒரு தடவைகூட ஆடிப் பார்த்ததில்லை. காசு விழும் கதவுக்குப் பின்னால் ஓர் எண்காட்டி இருந்தது. ஒரு காசுக்கு ஓர் எண் நகரும். சின்ன ஊர் ஒன்றில் ஒரு மாதம் இரண்டையும் வைப்பது, எண் கூடுதலாக வந்ததை நாற்பது பெட்டி செய்து மாவட்டங்களுக்கு அனுப்புவது, மற்றதை விட்டுவிடுவது. அவர் முடிவெடுக்கும் முறை அதுதான். விளையாட்டோடு அதைச் செய்தவரையும் விட்டுவிடுவதாக இருந்தார். இரண்டு பேரை வைத்துக்கொள்ளக் கம்பெனிக்குத் தெம்பில்லை என்று காரைச் செய்த பாண்டுரங்கனிடமும் மலையைச் செய்த ஜெயத்திடமும் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

எந்த ஊர் என்று கேட்டபோது ஜெயம் தன் ஊரைச் சொன்னாள். கடைத்தெரு ஜவுளிக்கடை ராஜகோபாலின் மகள். அவளுடைய அண்ணனும் நூருல்லாவும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். பெட்டிகளை இறக்கிய அன்று அவளும் பஸ்ஸில் வந்திருந்தாள்.

"நூரு அண்ணே, என்னுதுன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க. தூக்கியும் வெக்க வேணாம், எறக்கியும் வெக்க வேணாம். ரெண்டுத்தையும் ஒரே மாதிரி பாத்துக்கங்க, போதும்."

"எனக்கு இன்னாம்மா ஓரவஞ்சன? ரெண்டும் என் கடையிலதான நிக்குது" என்றான் நூருல்லா.

அதைச் சொன்னபோது அவன் மனதில் வேறொன்றும் இல்லை. அதை அவன் பிறகு பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறான்.

மத்தியானம் மூன்று மணிக்குமேல் மூன்று பேஸ் கரண்ட் வரும். வல்லம் பக்கத்துக் கிணறுகளில் எல்லாம் மோட்டாரைப் போடுவார்கள். வோல்டேஜ் இறங்கி, செஞ்சிக் கடைத்தெருவில் டியூப் லைட் கண்ணடிக்கும், மின்விசிறியின் இறக்கைகளை எண்ணலாம். பள்ளிக்கூடம் விட்டுப் பையன்கள் கடைக்கு வருவதும் அந்த நேரத்தில்தான். இரண்டாம் நாளே பெட்டிகள் இரண்டும் ஆடிக்கொண்டிருக்கும்போதே அணைந்து, முதலிலிருந்து ஆரம்பித்தன. நூருல்லா வீட்டு டிவியின் ஸ்டெபிலைசரைக் கழற்றிக் கொண்டுவந்தான்.

"ஞாயித்துக்கெழம படம் பாக்க உங்க கடைக்குத்தான் வரணுமா நானு?" என்று அவன் மனைவி ரஹமத் கேட்டாள்.

"ஒரு மாசந்தான். கோச்சுக்காத" என்றான்.

ஸ்டெபிலைசர் ஒரு பெட்டியைத்தான் தாங்கியது. இரண்டையும் மாட்டினால் சூடேறித் தானே அணைந்துகொண்டது. முதல் வாரம் ஒரு நாள் இதற்கு, ஒரு நாள் அதற்கு என்று மாற்றி மாற்றி மாட்டினான். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தான். கார் இரண்டு நிமிடத்தில் மோதி முடிந்துவிடும். ஆடியவன் ஆத்திரத்தோடு அடுத்த காசைப் போடுவான். மலை அப்படி இல்லை. கை பழகியவன் ஒரே காசில் கால் மணி நேரம் நிற்பான். சைக்கிள் கடை தாவூத் அதற்கு முன்னால் நின்றால் பத்துப் பேர் பின்னால் நின்று, தங்கள் ஊர்க் கோட்டையைத் திரையில் கண்டு, "தா பாரு, கல்யாண மகாலு!" என்று கத்துவார்கள். கத்துகிறவர்கள் காசு போடுவதில்லை. விழுகிற காசில் பாதி நூருல்லாவுக்கு. இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் ஸ்டெபிலைசரைக் காரிலிருந்து கழற்றும் முறை வந்தபோது அவன் கழற்றவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று நினைத்தான். மறுநாளும் கழற்றவில்லை.

மலை நினைத்தபோதெல்லாம் அணைந்தது. முதல் வாசலில் அணைந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தாவூத் ஐந்தாவது வாசல்வரை ஏறி, குரங்குக்கும் பாறைக்கும் தப்பி நின்றபோது அணைந்ததைத்தான் ஊரே பேசியது.

"இன்னாய்யா பொட்டி வெச்சிருக்க? அஞ்சாவது வாசலுக்குத் தண்ணிய கொண்டாந்தா மூர்ச்ச போட்டு விழுது. மேல கீறவனுக்குத் தாகமே இல்லியா?" என்றான் தாவூத். எல்லோரும் சிரித்தார்கள். நூருல்லாவும் சிரித்தான். அதன்பின் தாவூத் வரவில்லை. மலைப் பெட்டியின் மேல் பையன்கள் புத்தகப் பையை வைத்துவிட்டுக் காருக்கு வரிசையில் நின்றார்கள்.

மூன்றாம் வாரம் ஜெயம் வந்தாள். காலை பத்து மணி. மோட்டார்கள் ஓடாத நேரம். தன் விளையாட்டைத் தானே ஆடி உச்சிவரை போனாள். பெட்டி அசையவில்லை.

"யாரும் ஆடறதில்லையாமே அண்ணே? எதுக்கு?"

"பாதியில நின்னுடுதுன்றாங்கம்மா. அஞ்சாவது வாசல்ல."

"எப்பவும் அங்கியேவா?"

"அப்டித்தான் சொல்றாங்க."

"கார் நிக்குதா?"

ஸ்டெபிலைசர் கார்ப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தது. அவள் நின்ற இடத்திலிருந்து தெரியாது. இரண்டு அடி நகர்ந்தால் தெரியும். இருபது வருடமாக ரேடியோ பிரித்து மாட்டுகிறவன் அவன். எது எதனால் நிற்கிறது என்று அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"இல்லம்மா. கார் நிக்கல."

"ரெண்டும் ஒரே போர்டுதாண்ணே. அது நிக்கல, இது நிக்குதுன்னா கோளாறு நான் எழுதுனதுலதான். அந்த வாசல்ல எங்கியோ தப்பு பண்ணிட்டிருக்கேன்." பிறகு, "உங்களுக்குத்தான் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க" என்றாள்.

"சேச்சே. கலர் சோடா குடிக்கிறியாம்மா?" என்றான்.

அவள் குடிக்காமலே பதினொன்றரை பஸ்ஸுக்குப் போனாள்.

அன்று மத்தியானமே ஸ்டெபிலைசரை மலைக்கு மாற்றினான். மலை ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஆனால் ஆட ஆளில்லை. கார் நான்கு தடவை அணைந்தது. "பாய், காச குடு! ஏமாத்து பொட்டி!" என்று பையன்கள் கத்திவிட்டுத் திரும்பிப் போனார்கள். தாவூத்தைக் கூப்பிட்டு ஆடச் சொல்லலாம் என்று கடையைவிட்டு இறங்கியவன், சைக்கிள் கடைவரை போய், பம்பு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் திரும்பினான். மறுநாள் ஸ்டெபிலைசர் மறுபடியும் காருக்குப் போயிற்று.

ஜூலை 8 அன்று கம்பெனி மெக்கானிக் தங்கராசு வந்து கதவுகளைத் திறந்தான். கார் மூவாயிரத்தை நெருங்கியிருந்தது. மலை நானூற்றுப் பன்னிரண்டு. சட்டைப் பையிலிருந்த காகிதத்தில் எழுதிக்கொண்டு பீடி பற்றவைத்தான்.

"பாவம் அந்தம்மா. ரெண்டு வாரமா ஆபீஸ்லயே கெடக்குது. அஞ்சாவது வாசல், அஞ்சாவது வாசல்னு பேப்பர் பேப்பரா பரப்பி வெச்சு வரி வரியா பாத்துக்னு இருக்குது. நேத்து பாண்டுரங்கன் சாரே கூட உக்காந்து பாத்தாரு. ஒரு தப்பும் கெடைக்கல."

"அப்ப தப்பு இல்லதான?"

"தப்பு இல்லாம எப்டிப்பா நிக்கும்?" என்றான் தங்கராசு. "மொதலாளி வர்ற திங்கக்கெழம முடிவு சொல்றாரு."

நூருல்லா அன்று சாப்பிடவில்லை. ரஹமத் வயிறு சரியில்லையா என்று கேட்டாள். ஆமாம் என்றான்.

மறுநாள் தபாலாபீசில் சென்னைக்கு டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு ஒன்றரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். என்ன சொல்வது என்று வரிசைப்படுத்திக்கொண்டான். ஸ்டெபிலைசர் ஒன்றுதான் இருந்தது, அதைக் காருக்கு மாட்டினேன், அந்தப் பெண் மேல் தப்பில்லை. மூன்றே வாக்கியம். லைன் கிடைத்தபோது கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. மணியார்டர் வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சார், செஞ்சி நூருல்லா பேசறேன். அந்த மலைப் பொட்டி சார், இங்க சாயங்காலத்துல வோல்டேஜ் கம்மி சார். அதனாலதான் நிக்குது. ஜெயம் மேல தப்பில்ல சார்."

ரங்கநாதன் நிதானமான ஆள். "நல்லதுப்பா, போன் பண்ணிச் சொன்னே. ஆனா எந்த ஊர்ல வோல்டேஜ் இருக்கு? ஆரணியில இருக்கா, திருக்கோயிலூர்ல இருக்கா? நான் பெட்டிய அங்கதானே விக்கணும்" என்றார். பிறகு கேட்டார்: "அதே வோல்டேஜ்ல கார் ஓடிச்சா?"

நூருல்லா ரிசீவரை மறுகைக்கு மாற்றினான். முதல் வாக்கியத்தைச் சொல்ல வாயெடுத்தான். ஸ்டெபிலைசர் என்று சொன்னால் ஏன் அதைக் காருக்கே மாட்டினாய் என்று கேட்பார். பெட்டிகளை எடுத்துக்கொண்டு போய்விடுவார்; ஒரு மாதமாகக் கடை வாசலில் நிற்கும் கூட்டம் இல்லாமல் போகும். வரிசையில் நின்ற, ராஜகோபாலின் ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளை அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேக்குதா? கார் ஓடிச்சாய்யா?"

"ஓடிச்சு சார்."

"அப்ப இன்னும் என்ன? குறைஞ்ச வோல்டேஜ்லயும் ஓடுற மாதிரி பாண்டுரங்கன் எழுதியிருக்கான். நான் எண்ணிக்கைய மட்டும் பாத்தேன், நீ காரணத்தையும் சொல்லிட்டே. ரொம்ப நன்றி."

மூன்று நிமிடம் முடிந்தது என்று தபாலாபீஸ்காரர் கை காட்டினார்.

திங்கட்கிழமை ரங்கநாதன் கார் விளையாட்டைத் தேர்ந்தெடுத்தார். ஜெயம் அந்த மாதக் கடைசிவரை வேலை பார்த்தாள். பிறகு விழுப்புரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்தாள். ஆகஸ்டில் தங்கராசு நூருல்லாவின் கடையில், மலைப் பெட்டியை எடுத்துப்போன இடத்தில், இரண்டாவது கார்ப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான். மலை இருந்த எட்டு சிப்புகளை என்ன செய்தார்கள் என்று நூருல்லா கேட்டான். புற ஊதா விளக்குக்குக் கீழே இருபது நிமிடம் வைத்தால் எழுதியது எல்லாம் அழிந்துபோகும் என்று தங்கராசு சொன்னான். அழித்து, அவற்றிலேயே காரை ஏற்றி, ஆரணிக்கு அனுப்பிவிட்டார்கள்.