ஐந்தடி ஒரு அங்குலக் காலியிடம்

திருமேனிக்கு அவன் மனைவியின் வேலை கிடைத்தது. கருணை அடிப்படையில். நிற்பதுதான் வேலை.

நாடுகளின் அரசு ஊழியர்களை ஒப்பிடும் கூடம் கோவில்பட்டிக்கு வெளியே, புறவழிச்சாலையை ஒட்டி இருந்தது. ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஆயிரம் பேரை அங்கே நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். அவர்களில் அரசு வேலை பார்ப்பவர்கள் எழுந்து நிற்க வேண்டும். மாதம் ஒருமுறை எண்ணுவார்கள். எந்த நாட்டில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எழுதிக்கொள்வார்கள். நிற்பவர்களுக்கு ஆகும் செலவை இன்னொரு கூடத்தில் ஒப்பிட்டார்கள். அங்கே இருமக்கூடாது; அதுவும் செலவில் சேரும்.

அவன் மனைவி செண்பகவல்லி மூன்று வருடம் இந்தியாவுக்காக நின்றாள். நான்கு மாதத்துக்கு முன், எண்ணிக்கை நாளன்று, நின்ற இடத்திலேயே சரிந்தாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அவளுக்கு இருபத்தெட்டு வயது.

அவள் இறந்ததற்கு மூன்று நகல் கேட்டிருந்தார்கள். அவன் உயிரோடு இருப்பதற்கு நான்கு. அவற்றை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு வராண்டாவில் நடந்தான். வராண்டா போன தடவையைவிட நீண்டிருந்தது. எங்கோ ஒரு நாடு புதிதாகச் சுதந்திரம் வாங்கியிருந்தது.

கண்காணிப்பாளர் எஸ்தர் ஜெயமணி நகல்களைப் புரட்டினார். கடைசி நகலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"உயிரோட இருக்கறது நீங்கதானா தம்பி?"

"ஆமா மேடம்."

"பாத்தா தெரியல. சரி, வாங்க."

கூடத்துக்குள் கூட்டிப் போனார். இந்தியப் பகுதியில் நின்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சுண்ணாம்புக் கோட்டுக்கு அந்தப்புறம் நார்வே. அங்கே நின்றவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் காலி செய்த நாற்காலிகளை இந்தியர்கள் இரவல் வாங்கிக் கால் நீட்டியிருந்தார்கள்.

"இதான் உங்க வீட்டம்மா இடம்."

காலியிடம் ஐந்தடி ஒரு அங்குலம் இருந்தது. இடது தோள் சற்று இறங்கியிருந்தது. கைப்பை மாட்டும் தோள். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. யாராவது பேசினால் அவள் அப்படித்தான் கேட்பாள். நடந்து போனவர்கள் அதன் மேல் இடிக்காமல் சுற்றிப் போனார்கள்.

வீட்டில் அவளுடைய புகைப்படம் ஒன்றுதான் இருந்தது. ஆதார் அட்டைக்கு எடுத்ததைப் பெரிதாக்கியது. அது அவள் மாதிரி இல்லை. இது அவள் மாதிரியே இருந்தது.

"உள்ள ஏறி நில்லுங்க. பன்னெண்டு மணிக்கு எண்ண வந்துருவாங்க."

"நான் நின்னா இது என்னாகும்?"

"உங்க அளவுக்கு வந்துரும். மொதல்ல தோள்ல கொஞ்சம் பிடிக்கும், ரெடிமேட் சட்டை மாதிரி. ரெண்டு நிமிஷத்துல சரியாயிரும்."

"பழைய அளவு?"

"அத வச்சு என்ன செய்யப் போறோம்?"

"நிக்கலைன்னா?"

எஸ்தர் ஜெயமணி மோவாயால் காட்டினார். கவிழ்த்த வாளியின் மேல் ஒரு கொத்தனார் உட்கார்ந்திருந்தார். மடியில் கரண்டி. பக்கத்தில் குழைத்த சிமெண்ட். செலவுப் பிரிவிலிருந்து அனுப்பியிருந்தார்கள்.

"நிக்கலைன்னா சரண்டர் தம்பி, இடமே கெடையாது," என்றார் கொத்தனார். "பூசிட்டுப் போயிட்டே இருப்பேன். அந்தா, அங்க இருபது வாத்தியார் இடத்தப் பூசியிருக்கேன். எங்க இருந்ததுன்னு கண்டுபிடிங்க பாப்போம்."

திருமேனி பார்த்தான். தரை மழமழவென்று இருந்தது. கண்டுபிடிக்க முடியவில்லை.

"அவருக்கு ஆசை காட்டாதேயும்," என்றார் எஸ்தர் ஜெயமணி. "ஒரு ஆளு கொறஞ்சா நார்வேக்காரங்க மூஞ்சியில எப்படி முழிக்க?"

"ஒரு ஆளு கூடுனா எங்க பிரிவுல எப்படி முழிக்க?"

இருவரும் நெடுநாள் பழக்கத்தில் முறைத்துக்கொண்டார்கள். பதினொன்றே முக்கால் ஆனது.

நின்றாலும் அவள் போய்விடுவாள். நிற்காவிட்டாலும் போய்விடுவாள்.

"இப்படியே விட்ற முடியாதா மேடம்?"

"காலின்னா நிரப்பணும். இல்ல பூசணும். மூணாவதா ஒண்ணு கெடையாது."

நார்வே நெரிசலுக்கு நடுவே ஓர் இடம் வெறுமையாக இருந்தது. அதில் ஒரு காகிதம் தொங்கியது. கொத்தனார் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

"அது காலிதானே மேடம்?"

"அது லீவு. அந்தப் பொண்ணுக்குப் புள்ள பொறந்திருக்கு. லீவுல இருக்கவங்க நிக்கறதாத்தான் கணக்கு. எல்லா நாட்டுக்கும் அதான் விதி."

"இவளும் லீவுதான் மேடம்."

கொத்தனார் சிரித்துவிட்டார். "செத்தவங்களுக்கு லீவா?"

எஸ்தர் ஜெயமணி சிரிக்கவில்லை. யோசித்தார். "உங்க வீட்டம்மா விழுந்தது மத்தியானம். லீவுன்னா காலையிலேருந்து. காலையில லீவுல இருந்த ஆளு மத்தியானம் இங்க விழ முடியாது. விதிப்படி சரிதான். லெட்டர் இருக்கா?"

"எழுதித் தாரேன்."

"உங்க வேலை போயிருமே தம்பி."

"போகட்டும்."

நியமன ஆணையைத் திருப்பிக் கொடுத்தான். எஸ்தர் ஜெயமணி அதன் பின்புறத்திலேயே எழுதச் சொன்னார். செண்பகவல்லியின் பெயரை எழுதினான். நான்கு மாதத்துக்கு முந்தைய தேதியைப் போட்டான். காரணம் தலைவலி என்று எழுதினான்.

"வெறும் தலைவலியா?"

"அப்படித்தான் சொன்னா."

"எத்தனை நாளு?"

"ஒரு நாளு."

"போதுமா?"

"அந்த ஒரு நாள் போதும்."

எஸ்தர் ஜெயமணி கையெழுத்துப் போட்டார். ஆள் திரும்பி வந்து பணியேற்கும்வரை லீவு லீவுதான் என்றார். காகிதத்தைக் காலியிடத்தில் குண்டூசியால் குத்தினார். காகிதம் விழாமல் நின்றது. கொத்தனார் சிமெண்ட் இறுகுவதற்குள் வேறு இடம் பார்க்க வேண்டும் என்று அதை வாளியில் அள்ளிக்கொண்டு போனார்.

பன்னிரண்டுக்கு எண்ண வந்தார்கள்.

"செண்பகவல்லி?"

"விடுப்பு," என்றார் எஸ்தர் ஜெயமணி.

சரி போட்டுவிட்டு நகர்ந்தார்கள்.

கோட்டுக்கு அந்தப்புறம் ஓரமாக நின்ற நார்வேக்காரர் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். மூன்று வருடம் அவள் பக்கத்தில் நின்றதில் தமிழ் படிந்திருந்தது.

"அண்ணாச்சி, அன்னைக்கு அவங்களுக்கு ஒடம்பு சரியில்லையா?"

"தலைவலி."

"மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"காலையிலயே சொன்னா," என்றான் திருமேனி. "நான்தான், எண்ணிக்கை நாளாச்சே, ஒரு மணி நேரம் நின்னுட்டு வந்துரலாம்னு வண்டியில கொண்டாந்து விட்டேன்."