மருதம்பட்டைக்கு அடங்காத ஜீன்

செந்தூர்வேலுக்கு நாலு எட்டு நடந்தாலே மூச்சு முட்டியது. கால்கள் இரண்டும் வீங்கிக் கிடந்தன. ரத்தம் இறைக்கும் சக்தி இதயத்துக்குப் பாதிகூட இல்லை, இனி மாத்திரையை வைத்து ஓட்ட வேண்டியதுதான் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். ஆனாலும் மனுஷர் தளரவில்லை. தூத்துக்குடியில் அவர் வைத்திருந்த பெயிண்ட் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், தன் மகள் இதற்கு மருந்து கண்டுபிடித்துக்கொண்டிருப்பதாகச் சொல்லிவந்தார்.

மகள் சண்முகசுந்தரி கல்லூரி ஆய்வகத்தில் பார்த்தது அவ்வளவு பெரிய வேலை இல்லை. வயதாக ஆக இதயம் திணறும். திணறும் இதயம் ஒரு ஹார்மோனை அதிகமாகச் சுரக்கும். அதற்கான ஜீன் இளவயதில் இருந்ததைவிட மும்முரமாக வேலை செய்யும். மருதம்பட்டைச் சாறு கொடுத்தால் கிழட்டு எலிகளிடம் அந்த ஜீன் அடங்குகிறதா என்று அவள் பார்த்தாள். முதலில் சில எலிகளில் அடங்கியது. அந்தச் சந்தோஷத்தில் வீட்டில் சொல்லிவிட்டாள். மறுநாளே அப்பா நாட்டுமருந்துக் கடையில் பட்டை வாங்கிவந்து கஷாயம் வைக்கச் சொன்னார். டாக்டர் கொடுத்த மாத்திரையை மட்டும் நிறுத்தக்கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

ஆவணியில் பெரிய சோதனையின் முடிவு வந்தது. சாறு குடித்த எலிக்கும் வெறும் தண்ணீர் குடித்த எலிக்கும் வித்தியாசமே இல்லை. எங்கோ பிசகியிருக்கும் என்று மறுபடியும் சோதித்துப் பார்த்தாள். அதேதான் வந்தது. முதலில் தெரிந்தது வெறும் தற்செயல்.

மறைத்துவிடலாம் என்றுதான் பஸ்ஸில் வரும்போது நினைத்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே அப்பா கேட்டுவிட்டார்.

“என்னளா, முடிவு வந்துட்டா?”

“மருந்து கேக்கலப்பா.”

 அந்த எலிகளை என்ன செய்தீர்கள் என்று அவர் விசாரித்தார். இதயத்தை எடுத்தால்தான் ஜீனைப் பார்க்க முடியும் என்றாள் அவள்.

“அப்ப ஒண்ணுகூட பொழைக்கல” என்றார்.

அம்மா பேச்சிச்செல்வி அடுக்களையில் அவளை மடக்கினாள்.

“ஒரு பொய்யச் சொன்னா நீ கொறஞ்சா போயிருவ? அந்த நெனப்புலதான அவுக எந்திரிச்சு நடமாடிக்கிட்டு இருந்தாவ.”



அதற்குப் பிறகு அப்பா கடைக்குப் போகவில்லை. மாத்திரையைக் கொடுத்தால் விழுங்கினார், கொடுக்காவிட்டால் கேட்கவில்லை. வீக்கம் முழங்காலைத் தாண்டியது. ஒருநாள் சுந்தரியே கஷாயம் வைத்து டம்ளரை நீட்டினாள். பயனில்லை என்று தெரிந்தேதான் நீட்டினாள். அவரும் தெரிந்தேதான் வாங்கினார். மகள் மனசுக்காக ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தார்.

ஐப்பசி மழையில் தெருவெல்லாம் தண்ணீர் கட்டி நின்றது. ஆம்புலன்ஸ் தெருமுக்குவரைதான் வர முடிந்தது. நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிப்போனார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது.

காரியமெல்லாம் முடிந்து சுந்தரி ஆய்வகத்துக்குப் போனாள். பலன் இல்லை என்பதும் ஒரு முடிவுதான், எழுதிவிடு என்றார் பேராசிரியை எமில்டா, அன்பாகத்தான். எழுதினாள். வீட்டுக்கு வந்தால் அம்மா சோறு போடுவாள், இன்னும் கொஞ்சம் போடவா என்று கேட்பாள். அதற்கு மேல் இருவருக்கும் பேச்சில்லை.