ஒரு மணிச் சங்கும் அரைக் கிலோ ஸ்பகெட்டியும்

எங்கள் தீவில் கடிகாரத்தைப் பார்த்து யாரும் பாஸ்தாவைக் கொதிநீரில் போடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை நேப்பிள்ஸிலிருந்து வரும் ஒரு மணிக் கப்பல் அலைத்தடுப்பைத் தாண்டும்போது சங்கு ஊதும். அது காதில் விழுந்ததும் போட வேண்டும். கப்பல் துறை சேர்ந்து, ஆள் படியேறி வந்து, கைகழுவி உட்காரும்போது தட்டு எதிரில் இருக்கும். ஆள் பாஸ்தாவுக்காகக் காத்திருக்கலாம்; பாஸ்தா ஆளுக்காகக் காத்திருக்கக் கூடாது. எங்களுக்கு இதற்கு மேல் ஒரு வேதம் இல்லை.

அந்த ஆகஸ்ட் ஞாயிறு அந்தக் கப்பலில் என் மகள் ஒர்னெல்லாவின் கல்யாணம் வந்துகொண்டிருந்தது. அவள் ஆசைப்பட்ட பையன் கத்தெல்லோ, பெண் வீட்டைப் பார்க்கத் தன் அம்மாவை அழைத்து வருகிறான். அம்மா ஒலிம்பியா, பாஸ்தாவுக்குப் பேர்போன கிரான்யானோ ஊர்க்காரி. பாஸ்தா ஆலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவள். முன்பு பெண் பார்க்கப் போன ஒரு வீட்டில் பாஸ்தா குழைந்திருந்தது என்று, முதல் வாயோடு கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தவள். என் கணவரோ சரக்குக் கப்பலில் எந்தக் கடலிலோ இருந்தார். மாட்டிக்கொண்டது நான்.

கறிக் குழம்பு வைத்து அசத்திவிடலாம் என்றிருந்தேன். போன வாரமே அந்த அம்மாள் மகன் கையில் ஓர் அரைக் கிலோ ஸ்பகெட்டிப் பொட்டலம் கொடுத்தனுப்பினாள். தன் ஆலைச் சரக்காம். அன்று பறித்த தக்காளி போதும், வேறொன்றும் வேண்டாம் என்று செய்தி வேறு.

"உனக்குச் சிரமம் வேணாம்னுதாம்மா சொல்லியிருக்காங்க," என்றாள் ஒர்னெல்லா.

"சிரமமா? கறிக் குழம்புன்னா குறையை உள்ள ஒளிச்சு வைக்கலாம்டி. தக்காளிக்குள்ள எங்க ஒளிக்கிறது?"

விடிந்ததும் தோட்டத்துக்குப் போய், வெயில் ஏறுமுன் தக்காளி பறித்து வந்தேன். ஆலிவ் எண்ணெயில் பூண்டைப் பொன்னிறமாக்கி எடுத்துவிட்டு, தக்காளியைக் கையாலேயே பிழிந்து போட்டு ஆறு நிமிடம் வதக்க வேண்டும். கடைசியில் பேசில் இலை நாலைக் கிள்ளிப் போட்டால் முடிந்தது. கப்பல் வரட்டும் என்று எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, உப்புப் போட்ட தண்ணீரைக் கொதிக்கவிட்டுக் காத்திருந்தேன்.

சங்கு ஊதியது. இன்றைக்குக் கொஞ்சம் சீக்கிரமோ என்று மனதில் ஒரு நெருடல். ஆனால் கோயில் மணியைச் சந்தேகப்பட்டாலும் சங்கைச் சந்தேகப்படக் கூடாது. பொட்டலத்தைப் பிரித்து முழுவதையும் போட்டேன். தெரு நெடுகப் பானை மூடிகள் கலகலவென்று திறக்கும் சத்தம் கேட்டது. அது எனக்கே ஊதிய சங்கு என்று அப்போது தெரியவில்லை.

எதிர்வீட்டு இயோலாண்டா பால்கனிக்கு ஓடி வந்தாள்.

"எர்மெலிந்தா, போட்டுட்டியா?"

"போட்டுட்டேன். ஏன்?"

"நானும்தான் போட்டுத் தொலைச்சிட்டேன். கொஞ்சம் கடலைப் பாருடி."

பார்த்தேன். கப்பல் அலைத்தடுப்புக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. துறையில் தண்ணீர்க் கப்பல் இடத்தை அடைத்துக்கொண்டு, குழாயை நீட்டி ஆற அமரத் தீவுக்குக் குடிநீர் இறக்கிக்கொண்டிருந்தது. அது நகராமல் இது உள்ளே வர முடியாது.

இதோ வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று ஒன்பது நிமிடம் ஓடியது. வடிகட்டினேன். எண்ணெய் விட்டுப் புரட்டினேன். ஸ்பகெட்டி ஒன்றோடொன்று ஒட்டி, பார்க்கப் பார்க்க ஊதிக்கொண்டே போனது.

"பச்சைத் தண்ணில அலசிடேன்," என்றாள் இயோலாண்டா.

"பாஸ்தாவை அலசுறதா? அதுக்கு நான் என் பொண்ணை நேரா கன்னியர் மடத்துல கொண்டுபோய் விட்டுடுவேன்."

"அங்கயும் இதையெல்லாம் சாப்பிட மாட்டாங்கடி."

ஒர்னெல்லா மூலையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். "அவங்க பையை எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்கம்மா." எனக்கும் அழுகை வந்தது. வீட்டில் வேறு பாஸ்தா இருந்தது. ஆனால் தன் ஆலைச் சரக்கு எது என்று அவளுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும்.

அரை மணி கழித்து வந்தார்கள். ஒலிம்பியா அம்மாள் விசிறியும் வியர்வையுமாகப் படியேறி, இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துவிட்டு, நேராக மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். தக்காளியை வதக்கி, அந்தப் பாவப்பட்ட ஸ்பகெட்டியை அதில் கொட்டிப் புரட்டி, தட்டில் வைத்தேன்.

முதல் வாய் வைத்தாள். மெல்லுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. நான் அவள் கைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மன்னிச்சுக்கணும் ஒலிம்பியாம்மா. இன்னிக்குச் சங்கை முன்னாடியே ஊதிட்டாங்க. நீங்க குடுத்த பாஸ்தா குழைஞ்சு போச்சு."

"அதனால என்ன. நல்லாத்தான் இருக்கு," என்று அவள் தட்டைப் பார்த்துச் சொன்னாள். கைப்பை அசையவில்லை. கத்தெல்லோவுக்குச் சிரிப்பு பீறிட்டது. மேசைக்கடியில் ஏதோ ஓர் உதை விழுந்த சத்தம் கேட்டது. அவன் முகம் சுருங்கியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அப்போதுதான் எதிர்ப் பால்கனியிலிருந்து இயோலாண்டாவின் குரல் வந்தது.

"எர்மெலிந்தா, விஷயம் தெரியுமா? என் வீட்டுக்காரர் கேப்டனையே பிடிச்சுக் கேட்டுட்டு வந்துட்டார். கப்பல்ல ஒரு அம்மா பசி தாங்காம, சங்கை ஊதுய்யா, வீட்டுல பாஸ்தாவைப் போடட்டும்னு அந்த மனுஷன் உசுரை எடுத்தாங்களாம். ரெண்டு நிமிஷத்துல உள்ள போயிடலாம்னு நினைச்சு அவரும் ஊதிட்டாராம். உன் விருந்தாளிங்க அதே கப்பல்லதானே வந்தாங்க? அது யாருன்னு கேட்டுச் சொல்லு. தெருவே கரண்டியோட நிக்குது."

ஒலிம்பியா அம்மாளின் முள்கரண்டி பாதி வழியில் நின்றது. முகம் தக்காளியாகச் சிவந்தது. அவள் என்னைப் பார்த்த பார்வையில் அதுவரை இருந்த மிடுக்கு இல்லை. சொல்ல வெட்கமில்லை, எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

நான் அவசரப்படவில்லை. கையை ஏப்ரனில் நிதானமாகத் துடைத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன்.

"அவங்க பார்க்கலையாம் இயோலாண்டா. வழியெல்லாம் தூங்கிக்கிட்டே வந்தாங்களாம்."

"கொடுத்து வச்சவங்க. சரி, உன் பாஸ்தா எப்படி இருக்குன்னாங்க?"

நான் திரும்பி உள்ளே பார்த்தேன். ஒலிம்பியா அம்மாளும் என்னைப் பார்த்தாள். பிறகு தெருவுக்கே கேட்கும்படி அவளே சொன்னாள்:

"முப்பது வருஷத்துல இப்படி ஒரு பதத்துல நான் சாப்பிட்டதே இல்ல."

இயோலாண்டா கரண்டியோடு உள்ளே போனாள். நான் வந்து உட்கார்ந்தேன். அவள் தட்டைக் காலி செய்து என் பக்கம் நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் வைங்க சம்பந்தி. கல்யாணத்தை செப்டம்பர்ல வச்சுக்கலாமா?"

வாணலியில் மிச்சம் இருந்தது முழுவதையும் அவள் தட்டில் வைத்தேன். ஓர் இழை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.