ஏழு முறையும் கவிழாத கிரேன்

1

இந்தக் கதைக்கு முன்பு இதே விஷயத்தை ஒரு பக்கத்தில் எழுதினேன். முழுத்தாள், நீல மை. கீழே என் பெயர், நான் தமிழ் சொல்லித்தரும் கல்லூரியின் பெயர், தேதி: 16 நவம்பர் 1974.

அதில் பொய் இல்லை. ‘மாதிரிக் கிரேனை ஏழு முறை இயக்கினோம். ஏழு முறையும் கவிழவில்லை.’ கண்ணால் கண்டதை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாளால் ஒருவனுக்கு வேலை திரும்பக் கிடைத்தது.

இந்தக் கதை அந்தத் தாளைத் திருத்தும் முயற்சி. நான்கு வருடமாகத் திருத்துகிறேன்.

2

முதல் தொடக்கம்: ‘கல் கொட்டக் கொட்டக் கடல் பின்வாங்கியது, ஒரு நாள் கடல்—’

[அடித்துவிட்டேன். கடல் ஒன்றும் செய்யவில்லை.]

இரண்டாவது: ‘அன்று காலை மாசானம் வீட்டிலிருந்து கிளம்பும்போது—’

[எனக்குத் தெரியாது. நான் அங்கே இல்லை.]

மூன்றாவது தொடக்கத்தில் அழகில்லை. அதை வைத்துக்கொள்கிறேன்.

தூத்துக்குடியில் கடலுக்குள் அலைத்தடுப்புச் சுவர் போட்ட ஒப்பந்தக்காரர் ஒருவர். பெயர் வேண்டாம். அவரிடம் ஒரு பழைய கிரேன் வண்டி. ஓட்டியவன் வளன், என் அடுத்த வீட்டுக்காரன். வண்டிக்கு முன்னால் நின்று கைச்சைகை காட்டியவர் மாசானம். தாமிரபரணிக் கரை ஊர், வயல்காரர், இவனைவிடப் பத்து வயது மூத்தவர். ஆகஸ்டில் ஒரு நாள், கல்லைத் தூக்கிக் கொண்டிருந்தபோது வண்டி முன்பக்கமாகக் கவிழ்ந்தது. வளன் கடலில் விழுந்து பிழைத்தான். கிரேனின் நீண்ட கை, அவன் சொல்லும் ‘பூம்’, மாசானத்தின் மேல் விழுந்தது.

காரணம் இரண்டில் ஒன்று. வளன் பூமை அளவுக்கு மீறித் தாழ்த்தியிருக்க வேண்டும்; தாழ்த்தத் தாழ்த்தப் பாரம் வண்டியைவிட்டு முன்னால் போகும். அல்லது சக்கரத்தின் கீழே, கல் கொட்டி நிரப்பிய தரை விட்டிருக்க வேண்டும்.

அவனுக்கு நினைவில் இருப்பது ஒன்றுதான். மாசானத்தின் மூடிய கை, கீழே நீட்டிய கட்டைவிரல். தாழ்த்து என்று பொருள். அதற்குப் பிறகு தண்ணீர்.

வண்டியை வெளியே எடுத்தபோது கோணம் காட்டும் முள் முப்பத்தெட்டு டிகிரியில் சிக்கியிருந்தது. எந்தக் கோணத்தில் எத்தனை டன் தாங்கும் என்று சொல்லும் தகடு வண்டியில் எப்போதோ கழன்று போயிருந்தது. ஒப்பந்தக்காரரிடம் பிரதி இல்லை.

“நானா சார்? தரையா?” என்று வளன் கேட்டான். செப்டம்பர் முழுவதும் அதை மட்டும்தான் கேட்டான்.

3

பொம்மை வண்டி கட்டும் பெட்டியைக் கொண்டுவந்தவன் கிளாட்வின். வளனின் மனைவி மெட்டில்டாவின் தம்பி, கப்பலில் வேலை. விபத்துக்கு முந்திய வருடம் ஜப்பானில் வாங்கியது. “மச்சான் கடல்ல ஓட்டுதது போதாது, வீட்டுலயும் ஓட்டட்டும்” என்று கேலியாகக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். யாரும் பிரிக்கவில்லை. அந்த முப்பத்தெட்டு டிகிரியில் வண்டி கவிழுமா என்று பார்க்க, செப்டம்பர் கடைசியில் நாங்கள் பிரித்தோம்.

உள்ளே துளையிட்ட தகரப் பட்டைகள், திருகுகள், பல்சக்கரங்கள், பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார். ஒரே பெட்டியில் கிரேன் வண்டி, மண் தள்ளும் வண்டி, குப்புறக் கொட்டும் லாரி என்று மூன்றில் எதையும் கட்டலாம். செய்முறைப் புத்தகம் ஜப்பானிய மொழியில். நாங்கள் படங்களைப் படித்தோம்.

வளன் வீட்டு மேசை ஆடும். அதனால் என் மேசை.

“சார், படத்துல பன்னெண்டு பல்லு. நம்ம கையில பதினஞ்சு. ஜப்பான்காரன் ஏச்சிட்டான்.”

“அது அடுத்த பக்கத்துக்கு உள்ளது, வளன்.”

“பக்கம் எது, அடுத்த பக்கம் எது? இவன் பொறத்தாலருந்துல்லா எழுதியிருக்கான்.”

முதல் முறை ஓட்டியபோது மோட்டார் முனகியது, கொக்கி அசையவில்லை. அச்சை ஒரு துளை தள்ளி மாட்டியிருந்தோம். சின்னச் சக்கரமும் பெரிய சக்கரமும் ஒன்றையொன்று தொடவில்லை. மாற்றினோம். கொக்கி அசைந்தது, மேலே என்றால் கீழே போனது. கம்பிகளை இடம் மாற்றினோம். நூல் உருளையில் வழுக்கியது. வளன் நூலை எடுத்துவிட்டுத் தூண்டில் நரம்பு கட்டினான். பிறகு மோட்டார் செத்தது. மூன்று நாள் தேடினோம். பேட்டரியைத் தொடும் பித்தளைத் தகடு கடற்காற்றில் பச்சை பிடித்திருந்தது. பிளேடால் சுரண்டினான்.

மெட்டில்டா காப்பி கொண்டுவருவாள். கதவருகே நிற்பாள்.

“ரெண்டு ஆம்பிளைய, ஒரு பொம்மை, ஒண்ணரை மாசம். சார், காலேஜ்ல இதத்தான் சொல்லிக் குடுக்கீகளா?”

“ஏளா, போயிரு. நீ பேசுனா நட்டு உருளுது.”

“நான் பேசலன்னாலும் உருளத்தான் செய்யுது.”

அந்த ஒன்றரை மாதத்தில் அவன் சிரித்தது இப்படிச் சில தடவை. இவற்றை நீக்கினால் கதை இறுகும். நீக்க மனமில்லை.

4

எடைகள். ஒரு டன்னுக்கு ஐம்பது கிராம் என்று வைத்துக்கொண்டோம். வண்டிக்குக் கீழே இரும்புத் துண்டுகள் கட்டி ஆயிரத்து இருநூறு கிராம் ஆக்கினோம். தூக்கும் கல் இருநூறு. அதற்கு ஒரு நிஜக் கல். வண்டி முன்னால் சாயாமல் பின்னால் இழுத்துப் பிடிக்கும் பாரம் இருநூற்றைம்பது. அதற்குத் துணிப்பை. துணிப்பைக்குள் உப்பு.

* ஏன் உப்பு என்று வெளியூர் நண்பர் ஒருவர் கேட்டார், இந்தப் பிரதியைப் படித்துவிட்டு. இரும்பு தீர்ந்துவிட்டது. எங்கள் ஊரில் கை உடனே உப்புக்குத்தான் போகும். உப்பளத்து உப்பு, குசினியில் ஒரு பானை எப்போதும் இருக்கும். கிராம் கிராமாகக் கூட்டலாம், குறைக்கலாம். கடை அண்ணாச்சியிடம் இரவல் தராசு வாங்கி வளன்தான் நிறுத்தான். செப்டம்பர் கடைசி. நல்ல வெயில்.

5

நவம்பர் 16, சனிக்கிழமை. மதியம் வரை மழை. மழை விட்டதும் ஓட்டினோம்.

பூம் முப்பத்தெட்டு டிகிரி. கவிழ்ந்தால் வளன், நின்றால் தரை. வளன் பின்னால் உப்புப் பையை மாட்டினான். விசையைத் தட்டினான். கல் மேசையைவிட்டு எழுந்தது. வண்டியின் பின் சக்கரங்கள் மேசையிலேயே இருந்தன.

கழற்றி, மாட்டி, மறுபடி. ஏழு முறை.

வளன் தரையில் உட்கார்ந்தான். “தரைதான் சார்” என்றான். “தரைதான்.” மெட்டில்டா சிலுவை போட்டுக்கொண்டாள்.

மூன்று மணிக்கு அருணாசலவடிவு வந்தாள். மாசானத்தின் மனைவி. வளன்தான் இரண்டு நாள் முன்பே சொல்லி அனுப்பியிருந்தான். முடிவு எதுவானாலும் அவள் முன்னால்தான் என்பது அவன் பிடிவாதம். பஸ்ஸில் தனியாக வந்திருந்தாள். நாற்காலியில் உட்காரவில்லை.

“இது எது தம்பி?”

“கிரேன், மதினி. அன்னைக்கி இருந்த மாதிரியே.”

அவள் சுற்றி வந்து பார்த்தாள்.

“அவுக எங்கன நிக்காக?”

ஒன்றரை மாதத்தில் நாங்கள் யோசிக்காதது அது. வளன் பெட்டியில் மிச்சமிருந்த ஒரு போல்ட்டை எடுத்தான். வண்டிக்கு முன்னால், இடப்பக்கம் நிறுத்தினான்.

“இங்கன.”

“இம்புட்டுக் கிட்டயா?”

அவன் விசையைத் தட்டினான். கல் எழுந்தது. வண்டி அசையவில்லை.

“கவுறலையே.”

“கவுறாது மதினி. ஏழு தடவ பாத்தாச்சி.”

“அப்பம் அன்னைக்கி ஏன் கவுந்துச்சி?”

“தரை விட்டுருக்கும்.”

அவள் சிறிது நேரம் போல்ட்டையே பார்த்தாள்.

“தரை பாக்கது அவுக வேலதான?”

அது மாசானத்தின் வேலைதான். வண்டி வருமுன் கடப்பாரையால் கற்களைத் தட்டிப் பார்த்து, இறுகியிருக்கிறது என்று அவர் கை காட்டினால்தான் வளன் வண்டியை ஏற்றுவான்.

“அப்பிடி இல்ல மதினி,” என்றான் வளன்.

மெட்டில்டா காப்பியை நீட்டினாள். அருணாசலவடிவு வாங்கி, குடிக்காமல் ஜன்னல் கட்டையில் வைத்தாள்.

“சரி. வரச்சொல்லிக் காட்டிட்டீக. பஸ்ஸுக்கு நேரமாச்சி.”

6

இந்தப் பெண்ணை நான் நம்பவில்லை. மூன்று வாக்கியத்தில் எங்கள் ஒன்றரை மாதத்தைக் கலைத்துவிடுகிறாள். கதாசிரியன் சொல்லிக்கொடுத்துப் பேசுகிற மாதிரி இருக்கிறது. அவளை அழவைத்து ஒரு பிரதி எழுதினேன். நன்றாக வந்தது. அவள் அழவில்லை என்பதால் கிழித்தேன்.

ஆனால் போல்ட் என்னுடையது. உண்மையில் வளன் மேசையில் விரலைத்தான் வைத்தான். விரலை எடுத்துவிடலாம், போல்ட் அங்கேயே நிற்கும் என்பதால் மாற்றினேன்.

மற்றபடி அவள் பேசியது அவள் பேசியதே.

7

அவள் போன பிறகுதான் அந்தத் தாளை எழுதினேன். விபத்துக்குப் பிறகு வளனை வேலையிலிருந்து நிறுத்திவைத்த ஒப்பந்தக்காரரின் இன்ஜினியர் கேட்டிருந்தார். ஒரு பொம்மையை அவர் நம்பினாரா என்று நீங்கள் கேட்கலாம். அவருக்கு டிரைவர் வேண்டியிருந்தது. டிரைவரை எடுக்க ஒரு காகிதம் வேண்டியிருந்தது.

எழுதும்போது எனக்குத் தெரியும், வளன் பெயரிலிருந்து நீக்கும் பழி மாசானத்தின் பெயரில் போய் விழுகிறது என்று. உண்மை அதுவென்றால் நான் என்ன செய்ய என்று நினைத்துக்கொண்டேன்.

வளன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இன்ஜினியர் வீட்டுக்குப் போனான். நான் மேசையை ஒதுக்கினேன். உப்புப் பையைக் கழற்றினேன்.

உள்ளங்கை நனைந்தது.

மழைக்காலத்தில் உப்பு ஈரம் இழுக்கும். இது தெரியாதவர் இந்த ஊரில் கிடையாது. தினமும் பார்ப்பதால்தான் எங்களுக்குத் தோன்றவில்லை. நிறுத்தேன். இருநூற்று எண்பது. முப்பது கிராம் தண்ணீர். எங்கள் கணக்கில் அறுநூறு கிலோ. நிஜ வண்டியில் இல்லாத அறுநூறு கிலோ, பின்னால் இருந்து இழுத்துப் பிடித்திருக்கிறது.

ஞாயிறு வெயில் அடித்தது. உப்பைத் தட்டில் பரப்பிக் காயவைத்தேன். சரியாக இருநூற்றைம்பது வந்ததும் பையில் கட்டி மாட்டினேன். ஒரு மணிக்குத் தனியாக ஓட்டினேன்.

‘ஏழு முறையும் கவிழ்ந்தது.’

[இப்படித்தான் மூன்று பிரதிகளில் எழுதியிருந்தேன். சனிக்கிழமை ஏழு, ஞாயிற்றுக்கிழமை ஏழு. கதைக்கு அதுதான் பொருத்தம். நடந்தது அதுவல்ல.]

நான்கு முறை கவிழ்ந்தது. மூன்று முறை நின்றது.

காரணம் தேடினேன். கல் லேசாக ஆடினால் கவிழ்ந்தது. ஆடாவிட்டால் நின்றது. அன்று கல் ஆடியதா? தெரியாது. பொம்மையில் வந்த கோளாறுகளுக்கெல்லாம் காரணம் கண்டுபிடித்தோம். இதற்குக் கண்டுபிடிக்க இடமில்லை. வளனாக இருக்கலாம். மாசானமாக இருக்கலாம். நான் கையெழுத்துப் போட்டது மட்டும் உறுதி.

* இன்னொன்று. சனிக்கிழமை ஏழு முறையும் அந்தப் பையைக் கழற்றி மாட்டியவன் வளன். என் உள்ளங்கை நனைந்தது. அவனுடையது?

இந்த வரியை எழுதிய பிறகு அவனை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அதுவரை அவன் எளிய மனிதன்.

8

முடிவுகள்.

அ. நான் சொல்லிவிடுகிறேன். வளன் கேட்டுக்கொண்டு எழுந்து போகிறான். மறுபடி கிரேனில் ஏறுவதில்லை. மாசானத்தின் பெயர் தப்புகிறது. ஆனால் எனக்கே தெரியாத ஒன்றைச் சொல்லி அவனை முடித்திருப்பேன்.

ஆ. நான் சொல்லவில்லை. வளன் முப்பத்தெட்டு டிகிரி பத்திரம் என்று நம்புகிறான். நான் எழுதிக்கொடுத்தது அதுதான். அந்தக் கோணத்தில் மறுபடியும்—

இ. வளன் தானே ஈரத்தைக் கண்டுபிடித்து, பஸ் ஏறிப் போய் அருணாசலவடிவின் காலில் விழுகிறான். அவள் எழுப்பி விடுகிறாள். இதை ஒரு பத்திரிகை விரும்பிக் கேட்டது. அவள் எழுப்பி விடுவாள் என்று எனக்கு யார் சொன்னது?

ஈ.

[ஈ என்று எண் போட்டுவிட்டு ஒரு வருடம் கிடந்தது.]

9

திங்கள் காலை ஆறரை. வளன் என் வாசலில் சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றினான். காக்கிச் சட்டை புதிதாகத் தேய்த்திருந்தது. பின்னால் கேரியரில் ஒருவர், நாற்பது வயது, மடியில் தூக்குவாளி.

“சார், இது பொன்னுதுரை அண்ணாச்சி. இன்னையிலருந்து இவருதான் சிக்னலு. முன்னால நிக்கப் போறது இவருதான்.”

பொன்னுதுரை இறங்காமலே கும்பிட்டார்.

“சார்தான் எழுதிக் குடுத்தீகளாமே. எங்க வீட்ல ரெண்டு நாளா ஒரே அழுக, அந்த வண்டிக்கா போறீகன்னு. காலேஜ் சார் கையெழுத்துப் போட்டுருக்காகன்னு சொன்ன பெறவுதான் சோறு கெட்டிக் குடுத்தா.” சிரித்தார். “படிச்சவுக எழுத்துன்னா அவளுக்கு வேதவாக்கு.”

வளன் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தான். கேட்கிற மாதிரியும் இருந்தது, கேட்காதீர்கள் என்கிற மாதிரியும் இருந்தது. இரண்டில் எது என்று எத்தனையோ முறை எழுதிப் பார்த்துவிட்டேன்.

“வாரேன் சார்,” என்றான். மிதித்தான்.

நான் கூப்பிட்டேனா என்று எழுதப்போவதில்லை. கூப்பிட்டேன் என்றால் வளன் கொன்றவனாகிறான். கூப்பிடவில்லை என்றால் மாசானம் தன்னைத் தானே கொன்றவராகிறார். அப்படி ஒரு தீர்ப்பை ஒருமுறை எழுதியாயிற்று.

நீங்கள் வாசலில் நிற்கிறீர்கள். மேசையில் நடந்தது முழுவதும் இப்போது உங்களுக்கும் தெரியும். தெரு நீளம் நூறு அடி. இரண்டு பேர் பாரம், மழைச் சேறு. சைக்கிள் மெதுவாகத்தான் போகிறது. அவர்கள் இன்னும் முனை திரும்பவில்லை. கூப்பிட்டால் கேட்கும்.