சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த பட்டியல்

மரக்காணம் நிவாரண ஆபீசில் நெட்வொர்க் போட்டே ஆகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள் ஜெனிதாதான். சுனாமி வந்து ஒன்பது மாதம் ஆகியும், அந்த வாடகை வீட்டின் முன் அறைக் கம்ப்யூட்டரும் பின் அறைக் கம்ப்யூட்டரும் சண்டை போட்ட பங்காளிகள் மாதிரி ஒன்றையொன்று பார்க்காமலே இருந்தன. முன் அறையில் விஜயலட்சுமி காணாமல் போனவர்களின் பட்டியலைப் பார்த்தாள். பின் அறையில் ஜெனிதா நோயாளிகளுக்கு மருந்து அனுப்பினாள். இவள் பைலை அவள் திறந்ததில்லை, அவள் பைலை இவள் திறந்ததில்லை. கேட்டால் இருவருக்குமே நேரமில்லை.

ஜெனிதாவே கிராஃப் பேப்பரில் பிளான் போட்டாள். இரண்டு அறைக்கும் ஒயர். முற்றத்துக்கு அப்பால் இருந்த மருந்து ஷெட்டுக்கு வெளியில் ஒயர் இழுத்தால் உப்பளக் காற்றில் முனையெல்லாம் பச்சை பிடித்துவிடும், அதனால் அங்கே வயர்லெஸ். புதுச்சேரியிலிருந்து வந்த ஆண்ட்ரூஸ் நடுச் சுவரில் ஓட்டை போட்டு ஒயரை இழுத்தான். மேசைக்கு மேசை எட்டடி. இந்த எட்டடிக்குத்தான் ஒன்பது மாதம்.

மத்தியானம் வேலை முடிந்தது.

"ரெண்டு மிஷினையும் சேத்து சர்ச் பண்ணலாம் மேடம். ஏதாவது ஒரு வார்த்தை போடுங்க" என்றான்.

விஜயலட்சுமி யோசித்தாள். "அபூர்வமான வார்த்தையா போடறேன், ஒரே பைல்தான் வரும் பாருங்க. நம்ம டிரைவர் கலியபெருமாளோட அம்மாவுக்குக் கையில தேள் பச்சை குத்தியிருக்கும்."

ஆபீஸ் ஜீப்பை ஓட்டும் கலியபெருமாள் தினமும் காலையில் முன் அறை வாசலில் நின்று ஒரே கேள்விதான் கேட்பார்: "ஏதாவது தெரிஞ்சுதாங்க?" சுனாமியன்று மீன் வாங்கக் கடற்கரைக்குப் போன அவருடைய அம்மா அஞ்சம்மாள் திரும்பி வரவில்லை. நாலு நாள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தேடினார். உடம்பு கிடைக்காமலே கருமாதியும் செய்தார். கேள்வியை மட்டும் அவரால் விட முடியவில்லை.

தேளுக்கான இங்கிலீஷ் வார்த்தையை விஜயலட்சுமி அடித்தாள். இரண்டு பைல் வந்தது. ஒன்று அவளுடையது. இன்னொன்று ஜெனிதாவுடையது.

ஜெனிதா குனிந்து படித்தாள். 'பெயர் தெரியாது. வயது அறுபதுக்கு மேல். தலையில் பலத்த அடி, முகம் முழுக்கக் கட்டு. பேச்சு இல்லை. இடது கையில் தேள் பச்சை. வலது காது மடல் அறுந்தது.' ஜனவரி பன்னிரண்டாம் தேதி, ஆஸ்பத்திரிக் காகிதத்தைப் பார்த்து அவள் கையாலேயே அடித்த வரி.

"காது மடல்... என் பட்டியல்லயும் அப்படித்தான் இருக்குதுடி" என்றாள் விஜயலட்சுமி.

அந்த வரியின் கடைசிக் கட்டத்தில் புதுச்சேரியில் ஒரு முதியோர் இல்லத்தின் போன் நம்பர் இருந்தது. உயிரோடு இருக்கவேண்டுமே மாதாவே என்று வேண்டிக்கொண்டே ஜெனிதா நம்பரை அழுத்தினாள். இரண்டு முறை தப்பாக அழுத்தினாள்.

"அந்த அம்மாவா? இப்பதான் கஞ்சி குடிச்சுட்டுப் படுத்தாங்க" என்றார் அங்கிருந்த சிஸ்டர். "ரெண்டு மாசமா ஒரே ஒரு பேரு மட்டும் சொல்றாங்க. கலியா, கலியான்னு. யாருன்னுதான் எங்களுக்குத் தெரியல."

போனை வைத்தபோது கலியபெருமாள் ஜீப் சாவியோடு வாசலில் நின்றிருந்தார். எப்படிச் சொல்வது என்று ஜெனிதாவுக்குத் தெரியவில்லை. போட்டு உடைத்துவிட்டாள்.

"அண்ணா, அம்மா உயிரோட இருக்காங்க. அவங்க அடையாளமெல்லாம் ஜனவரியிலேர்ந்து என் மிஷின்லதான் இருந்துருக்கு. நான்தான் அடிச்சேன். நான் பாக்கலண்ணா."

அவர் அழவில்லை, கோபப்படவும் இல்லை. ஆண்ட்ரூஸ் நகர்த்திப் போட்ட நாற்காலியைப் பார்க்காமல் தரையிலேயே உட்கார்ந்தார்.

"கருமாதி பண்ணிட்டேனேம்மா" என்றார். பிறகு, "எங்க இருக்குது?"

ஜெனிதா இல்லத்தின் பெயரைச் சொன்னாள்.

கலியபெருமாள் நிமிர்ந்தார்.

"அங்கியா? மாசாமாசம் நீ குடுக்கற மருந்துப் பொட்டிய நான்தானேம்மா கொண்டுபோறேன்" என்றார். "உள்ள வந்து ஒரு வாய் காபி குடிச்சுட்டுப் போங்கன்னு சிஸ்டரு ஒவ்வொரு தபாவும் கூப்புடுவாங்க. நேரமாயிடும்னு வாசல் கேட்டுலயே பொட்டியக் குடுத்துட்டு வந்துடுவேன்."