இரண்டு விரல் இடம்

எங்கள் கட்டடத்தில் நான்கு மாடி, எட்டு வீடு, ஒரு கோட்டு. மற்ற வீடுகளிலும் கோட்டு இருக்கலாம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வருடத்தில் ஒரு நாள் வீடு வீடாக மணியடித்துத் தன்னைக் காட்டிவிட்டுப் போகிற கோட்டு ஒன்றுதான். அது எங்களுக்கு நேர் மேலே, மூன்றாம் மாடியில் இருக்கும் கிளட்சுடையது.

கிளட்ச் என்பது அவர் பெற்றோர் வைத்த பெயரல்ல. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வாத்தியார். நாள் முழுக்க "கிளட்ச மிதி, கிளட்ச மிதி" என்று கத்திக் கத்தி அந்தப் பெயரைச் சம்பாதித்துக்கொண்டார். பயிற்சிக் காரில் வாத்தியார் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். அந்தப் பழக்கமோ என்னவோ, யார் பேசினாலும் பாதியில் பிரேக்கைப் போட்டுவிட்டு மீதியை அவரே ஓட்டுவார்.

கல்யாண நாளன்று சாயங்காலம் இருபத்திரண்டு வருடத்துக் கல்யாணக் கோட்டை மாட்டிக்கொண்டு முதலில் நாலாம் மாடிக்கு ஏறுவார். பிறகு ஒவ்வொரு மாடியாக இறங்குவார். பின்னால் அவர் மனைவி, கையில் இனிப்புப் பெட்டியோடு. கதவைத் திறந்ததும் கோட்டின் நடுப் பொத்தானைப் போட்டு, அதற்குள் இரண்டு விரலைச் செருகுவார்.

"பாத்தீங்களா? கல்யாணத்தன்னிக்கும் ரெண்டு விரல். இன்னிக்கும் ரெண்டு விரல்."

"அப்படியே இருக்கீங்க சார்" என்று நாம் சொல்ல வேண்டும். சொன்னால்தான் இனிப்பு.

அவருடைய மற்றத் துணிகளெல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தன. அதற்கு அவரிடம் விளக்கம் இருந்தது. இப்போது வருகிற சட்டை துவைத்தால் சுருங்குகிறது. பெல்ட்டுக்காரன் தோலில் மிச்சம் பிடிக்கிறான். எடை பார்க்கும் மெஷின் காசுக்காகக் கூட்டிச் சொல்கிறது. உலகத்தில் பொய் சொல்லாத துணி ஒன்றே ஒன்று, அந்தக் கோட்டுதான்.

அந்த உத்தமமான கோட்டின் கதை எனக்குத் தெரிந்தது ஏழெட்டு வருடத்துக்கு முன்னால். கல்யாண நாளுக்கு ஒரு வாரம் முன்பு, கிளட்ச் வேலைக்குப் போன பிறகு, அவர் மனைவி ஒரு பையை அணைத்தபடி தெருமுனைத் தையல்கடைக்குப் போவதைப் பார்த்தேன். பார்த்தது ஒரு வருடமென்றால் தற்செயல். மறு வருடமும் பார்த்தால் அதை விசாரிக்காமல் இருப்பது அக்கம்பக்கத்தாருக்கு அழகா? தையல்காரர் முதலில் வாயைத் திறக்கவில்லை. எங்கள் வீட்டுத் திரைச்சீலை அத்தனையும் அவரிடமே தைக்கக் கொடுத்த பிறகு திறந்தார்.

கல்யாணமான நாலாவது வருடமே கோட்டில் பொத்தான் சேரவில்லையாம். மனுஷன் கட்டிலில் உட்கார்ந்து அன்று முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லையாம். கிளட்ச் பேசாத நாளைக் கற்பனை செய்ய முடிகிறதா? அந்த அம்மாளுக்கே பயம் வந்துவிட்டது. "துணி மடிஞ்சு கெடந்திருக்கு, ஆவி காட்டித் தேச்சுக் குடுத்தா சரியாயிடும்" என்று சமாதானம் சொல்லி, கோட்டைத் தையல்காரரிடம் கொண்டுபோய்ப் பிரித்துவிடச் சொன்னாள். அன்று தொடங்கியது. கிளட்சின் பெல்ட் எந்த ஓட்டைக்கு வந்திருக்கிறது என்று பார்த்து, அந்த அளவு சொல்வாள். தையல்காரர் உள்ளே மடித்துவிட்டிருந்த துணியை அரை இஞ்ச், முக்கால் இஞ்சாகப் பிரித்து, இரண்டு விரல் இடம் விட்டுத் தைப்பார். உள்துணி தீர்ந்த பிறகு, அதே நீலத்தில் துணி தேடிக் கைக்கு அடியில் பட்டை வைத்து ஒட்டினார். வெயிலில் பார்த்தால் நிறம் கொஞ்சம் வேறு. மாடிப்படி வெளிச்சத்துக்குத் தெரியாது.

நான் இதை யாரிடமும் சொல்லவில்லை. எதிர்வீட்டுக்காரியிடம் மட்டும் சொன்னேன். அவளும் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த கல்யாண நாளுக்குள் எட்டு வீட்டில் ஏழு வீட்டுக்குத் தெரிந்திருந்தது. எட்டாவது வீட்டில் பாதிக்கு முதலிலேயே தெரியும். ஏழு வீடும் கதவைத் திறந்து, "அப்படியே இருக்கீங்க சார்" என்றோம். இனிப்பும் நன்றாகத்தான் இருந்தது.

போன வருடமும் மணி அடித்தது. கதவைத் திறந்தேன். கிளட்ச் பொத்தானைப் போட்டார். இரண்டு விரலைக் காட்டவில்லை. கையை மடக்கி முஷ்டியை அப்படியே உள்ளே விட்டு ஆட்டிக் காட்டினார்.

"பாத்தீங்களாக்கா? முழுக் கையும் போகுது! கல்யாணத்தப்போ இருந்ததவிட மெலிஞ்சுட்டேன்!"

என் வாய் பழக்கத்தில் "அப்படியே இருக்கீங்க" என்று தொடங்கி நடுவில் நின்றுவிட்டது. பின்னால் நின்ற அவர் மனைவியைப் பார்த்தேன். இனிப்புப் பெட்டியை மூடியபடி பிடித்திருந்தாள், நீட்ட மறந்து.

கதவைச் சாத்தியதும் என் வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "அந்தக் கோட்டு இப்ப எத்தனை இஞ்ச்?" என்றார். வாரத்துக்கு ஒரு வாக்கியம் பேசுகிறவர். பேசினால் இப்படித்தான் வந்து விழும்.

கிளட்ச் வீட்டுக் குளியலறைக் குழாய் எங்கள் சமையலறைச் சுவருக்குள்தான் இறங்குகிறது. இரண்டு மூன்று மாதமாகவே அதில் ஓயாமல் தண்ணீர் ஓடியது. மணிக்கொரு தடவை. நான் எண்ணவில்லை, காதில் விழுந்தது. மாடி ஏறும்போது கையில் எப்போதும் தண்ணீர் பாட்டில். இரண்டு மாடி ஏறியதும் எங்கள் வாசலில் நின்று மூச்சு வாங்கினார். பயிற்சிக் காரில் அவர் தூங்கிப்போய், மாணவி ஒருத்தி தானே ஓட்டிக்கொண்டு வந்து பள்ளி வாசலில் நிறுத்தி எழுப்பினாளாம். அதைக்கூட, "நான் அவ்வளவு நல்லாக் கத்துக்குடுத்திருக்கேன்" என்றுதான் சொல்லிக்கொண்டார்.

மறுநாள் அவர் மனைவி என்னிடம் வந்தாள்.

"அக்கா, உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்."

"எது?" என்றேன், ஒன்றும் தெரியாதவள் மாதிரி.

"நடிக்காதீங்கக்கா. கோட்டு. இந்த வருஷம் பெல்ட் ரெண்டு ஓட்டை உள்ள போயிருந்துச்சு. சரி, கொஞ்சம் குறைஞ்சிருக்கார், நல்லதுதான்னு தையக்கார அண்ணன்கிட்ட போகவே இல்ல. நேத்து கை உள்ள போறதப் பாத்ததும்தான் இது நல்லதுக்கில்லன்னு தோணுச்சு. டாக்டர்கிட்ட போலாம்னு காலைலேருந்து கெஞ்சறேன்."

"என்ன சொல்றார்?"

"கோட்டே சர்டிபிகேட் குடுத்திருக்கு, டாக்டர் எதுக்குங்கறார்."

"அப்ப கோட்டப் பத்திச் சொல்லிட வேண்டியதுதானே?"

"பதினெட்டு வருஷமாப் பொய் சொன்னேன்னு எந்த வாயால சொல்ல? அதோட, நீங்கல்லாம் சேர்ந்து தலையாட்டினீங்களே, அதையும் சொல்லணும்ல?"

பாயசத்தில் கல் அகப்பட்ட மாதிரி ஆயிற்று எனக்கு. "நீயே பக்குவமா எடுத்துச் சொல்லு" என்று அனுப்பிவைத்தேன். எங்கள் பங்கைத் தவிர்த்துச் சொல் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. அவளுக்குப் புரிந்திருக்கும்.

அவள் பக்குவம் தேடுவதற்குள் மூன்று நாள் போய்விட்டது. நாலாம் நாள் பால்கனியில் நின்றிருந்தேன். கிளட்ச் கையில் பையோடு தெருமுனைப் பக்கம் நடந்தார். பைக்கு வெளியே நீலக் கை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அவராகக் கோட்டை எடுத்துக்கொண்டு தையல்கடைக்குப் போவது அதுதான் முதல் தடவை. எனக்கு உடனே தையல்கடையில் வாங்காமல் விட்டிருந்த தலையணை உறை ஞாபகத்துக்கு வந்தது. மேலே போய் அவர் மனைவியிடம் ஒரு வார்த்தை போட்டுவிட்டு நானும் கிளம்பினேன்.

நான் கடைக்குள் நுழையும்போது கிளட்ச் மேஜைமேல் கோட்டை விரித்திருந்தார்.

"தொளதொளன்னு இருக்கு, புடிச்சுத் தைக்கணும். ரெண்டு விரல் இடம் விட்டாப் போதும்."

தையல்காரர் கோட்டைத் தொடவில்லை. "வச்சுட்டுப் போங்க சார், பாத்துக்கறேன்."

"இல்ல, இங்கயே நிக்கறேன். இத யாருகிட்டயும் விட்டுட்டுப் போறதில்ல."

தையல்காரர் என்னைப் பார்த்தார். நான் நூல்கண்டுகளைப் பார்த்தேன். அதற்குள் கிளட்ச் தானே கோட்டை உள்பக்கம் திருப்பிவிட்டார். ஊசி போய் வந்த பழைய ஓட்டைகள் எறும்பு வரிசை மாதிரி பத்துப் பன்னிரண்டு கோடு. கைக்கு அடியில் இரண்டு பக்கமும் பட்டை. வாசல் வெயில் நேராக மேஜையில் விழுந்தது. இரண்டு நீலமும் தனித்தனியாகத் தெரிந்தன.

கிளட்ச் குனிந்து பார்த்தார். "என்னய்யா இது? யாரோ வேலை பாத்திருக்கானே?"

"நான்தான் பாக்கச் சொன்னேன்" என்றாள் அவர் மனைவி. ஓடி வந்திருக்கிறாள், வாசற்படியில் நின்று மூச்சு வாங்கினாள்.

"எப்ப?"

"கல்யாணமாகி நாலாவது வருஷம்."

"ஒரு தடவையா?"

"பதினோரு தடவை."

நான் என் தலையணை உறையை எடுத்து மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன்.

"யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் நேராக என்னைப் பார்த்தார். வாத்தியார் அல்லவா, கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டியைக் கவனித்தே பழகியவர்.

"அந்தச் சண்டைய வீட்டுல வச்சுக்கலாங்க" என்றாள் அவள். "நான் சொல்றத மொதல்ல கேளுங்க. இது உங்க கல்யாண அளவு இல்ல. கல்யாணத்துக்கு முப்பத்திரண்டு. போன வருஷம் உங்களுக்கு நாப்பத்தொண்ணு. நாப்பத்தொண்ணுக்குத் தச்ச கோட்டு இது. இதுல கை உள்ள போகுதுன்னா, அந்த உடம்பு எங்கங்க போச்சு? கொஞ்ச மாசத்துல எங்க போச்சு?"

கிளட்ச் பிரேக் போடவில்லை. அவள் முழுவதையும் பேசி முடிக்கும்வரை விட்டார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தார். எழுந்தார். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு தையல்காரர் முன்னால் நின்றார்.

"அளந்து சொல்லு."

தையல்காரர் டேப்பைச் சுற்றினார். "முப்பத்தாறு சார்."

கிளட்ச் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. ஐந்து இஞ்ச் காணாமல் போயிருக்கிறது. அதற்குத்தான் கலங்குகிறார் என்று நினைத்தேன்.

"அப்ப இவ்வளவு மெலிஞ்ச பிறகும் கல்யாணத்தப்போ இருந்ததவிட நாலு இஞ்ச் கூடவா?"

அவள் சிரித்துவிட்டாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அவர் சிரிக்கவில்லை. ஆனால் அன்றைக்கே டாக்டரிடம் போனார். தையல்கடையிலிருந்து நேராக.

சர்க்கரை. உச்சிக்கு ஏறியிருந்ததாம். இன்னும் சில வாரம் விட்டிருந்தால் காரிலேயே விழுந்திருப்பார் என்று டாக்டர் சொன்னதாக அவள் சொன்னாள். மாத்திரை, ஊசி, நடை. இழந்த சதையை முழுவதும் திரும்பப் போடவும் கூடாது, இதற்கு மேல் கரையவும் கூடாது. முப்பத்தாறிலேயே நில் என்று உத்தரவு.

வீட்டில் ஒன்பது நாள் அவளோடு பேசவில்லை. பத்தாம் நாள் பேசினார். அது எங்கள் சமையலறை வரை கேட்டது. கோட்டைப் பற்றி அரை மணி நேரம். பதினோராம் நாள் இரண்டு பேருமாகத் தையல்கடைக்குப் போனார்கள். அன்று எனக்கு அங்கே வாங்க வேண்டியது எதுவும் இல்லை. இருந்தாலும் தையல்காரர் பிறகு சொன்னார். முப்பத்தாறுக்குப் பிடித்துத் தைக்கச் சொன்னாராம், இரண்டு விரல் இடம் விட்டு. பிடித்த பிறகு மிச்சத் துணியை உள்ளே மடிக்க வேண்டாம், வெட்டி எறிந்துவிடு என்றாராம்.

"அப்புறம் பிரிக்கணும்னா துணி இருக்காது சார்" என்றிருக்கிறார் தையல்காரர்.

"அதுக்குத்தான்யா வெட்டச் சொல்றேன். கத்திரிய அவகிட்ட குடு."

அவளே வெட்டினாள்.

வருடம் ஓடியது. சுவருக்குள் குழாய் சாதுவாகிவிட்டது. கல்யாண நாள் வந்தது. நாலாம் மாடியில் மணி, பேச்சு, சிரிப்பு. மூன்றாம் மாடி எதிர்வீட்டில் மணி. படியில் காலடி. நான் கதவுக்குப் பின்னால் தயாராக நின்றேன். எங்கள் மாடியில் எதிர்வீட்டு மணி அடித்தது. எங்கள் வீட்டு மணி அடிக்கவில்லை. காலடி கீழே இறங்கத் தொடங்கியது.

தலை போகிற வேலை இருக்கிற மாதிரி கதவைத் திறந்தேன். அவர் பாதிப் படியில் நின்று திரும்பினார். பொத்தானைப் போட்டு, இரண்டு விரலைச் செருகினார். மூன்றாவது விரலையும் நுழைத்துப் பார்த்தார். போகவில்லை.

"முப்பத்தாறு" என்றார். "ஏழு வீட்டுக்கும் நீங்களே சொல்லிடுவீங்கள்ல? எனக்கும் படி ஏறி எறங்கற வேலை மிச்சம்."

அவர் மனைவி மேலே ஏறி வந்து என் கையில் ஓர் இனிப்பை வைத்துவிட்டு, அவர் பின்னாலேயே இறங்கிப் போனாள்.