கைக்குக் கட்டம் இல்லை

தி. நகர் கல்யாண மண்டபத்துக்குள் தேசம்மா நுழைந்தபோது மணி பதினொன்றேகால். மயிலாப்பூர் மார்க்கெட்டில் விற்றதுபோக மீதி இறாலைப் பக்கத்துக் கடை ஜானுவிடம் விட்டு வந்திருந்தாள். அவள் ஐஸ் போடாமல் கெடுத்து வைப்பாள் என்பது ஒரு எரிச்சல். அதைவிடப் பெரிய எரிச்சல் இந்த மண்டபம். கோவளத்துக்குத் தெற்கே கடல்தண்ணீர் ஏறி இறங்கும் உப்பங்கழியை அடைத்து நீர்த்தேக்கம் கட்டப்போகிறவர்கள், கழியோரத்து மக்களிடம் கருத்துக் கேட்க இவ்வளவு தூரம் தள்ளி இடம் பிடித்திருந்தார்கள்.

கழியோரத்தில் வாழ்க்கைப்பட்ட தேசம்மாவின் தங்கை எஸ்தருக்குக் கூட்டச் சேதி தெரிந்ததே காலை ஒன்பது மணிக்குத்தான். "நாங்க பஸ்ஸு புடிச்சு வர்றதுக்குள்ள கூட்டம் முடிஞ்சிரும்க்கா. நீ போய்ச் சொல்லு," என்று போனில் முப்பத்தேழு பெண்களின் பெயரையும் விவரத்தையும் சொல்ல, தேசம்மா ஒரு தாளில் குறித்து வந்திருந்தாள். எல்லோரும் கழியில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள். அடைத்தபின் அங்கே உப்புத்தண்ணீர் வராது, இறாலும் வராது.

வாசல் மேஜையில், திட்டத்தால் பாதிக்கப்படுகிறவர்களைக் கணக்கெடுக்கும் கம்பெனியின் ஆள் செம்பியன் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தான்.

"எந்த ஊரும்மா?"

"பட்டினப்பாக்கம். ஆனா நான் வந்தது..."

"அப்ப நீங்க பாதிக்கப்படுறவங்க இல்ல. பயனாளி." பச்சைச் சீட்டு ஒன்றை நீட்டினான். "அந்தத் தண்ணி உங்களுக்குத்தானே வரப்போகுது."

அதை அவளால் மறுக்க முடியவில்லை. நாள் விட்டு நாள் தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடுகிறவள் அவள்.

"தண்ணி வேணாம்னு சொல்லல சார். அங்க முப்பத்தேழு பொம்பளைங்க கீறாங்க. அவங்க பேரை எழுதிக்கோ."

"படகு இருக்கா?"

"இல்ல."

"வலை?"

"இல்ல. கையாலதான் புடிக்கிறாங்க."

அவன் திரையில் இருந்த படிவத்தை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். "கைக்குக் கட்டம் இல்லம்மா. படகு, வலை, ரெண்டுல ஒண்ணு இருந்தாத்தான் மீனவர்னு ஏறும்."

"அப்ப என் தங்கச்சி இருபது வருசமா சேத்துல இன்னா பண்ணிக்கினு கீறா, விளையாடறாளா?"

அவன் அடுத்தவரை அழைத்தான்.

பயனாளிகள் வரிசையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தபின் அவளுக்கு மைக் கிடைத்தது. மூன்று நிமிடம் என்றார்கள். அவள் வணக்கம்கூடச் சொல்லவில்லை. பெயர்களைப் படிக்கத் தொடங்கினாள். யார் மகள், யார் மனைவி, எத்தனை வருடமாக இறங்குகிறாள் என்று ஒவ்வொருத்திக்கும் சொன்னாள். பத்தொன்பதாவது பெயரில் மணி அடித்தது. அவள் நிறுத்தவில்லை. மைக்கை அணைத்தார்கள். மீன் கூவி விற்ற தொண்டைக்கு மைக் எதற்கு? முப்பத்தேழும் முடிந்த பிறகுதான் இறங்கினாள்.

கூட்டம் கலைந்ததும் செம்பியனிடம் போய், தான் பேசியதை எப்படி எழுதியிருக்கிறான் என்று கேட்டாள். அவன் தயங்கிப் படித்தான்: "பட்டினப்பாக்கம் பயனாளி ஒருவர் திட்டத்தை வரவேற்றுப் பேசினார்."

தேசம்மா நாற்காலியை இழுத்து அவனுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"நான் பேசினதை எழுது. எழுதற வரைக்கும் இங்கியேதான் குந்திக்கினு இருப்பேன்."

சாப்பாட்டுக்கு எழுந்தவன் மறுபடி உட்கார்ந்தான். மேலதிகாரிக்குப் போன் செய்தான். மேஜைவிரிப்புகளை ஆட்கள் உருவிக்கொண்டு போனார்கள். கடைசியில் அந்த வரியை அழித்து, முப்பத்தேழு பெண்கள் கணக்கில் விடுபட்டிருக்கிறார்கள் என்று எழுதி, பெயர்களைச் சேர்த்தான். புதன்கிழமை காலை வீடு வீடாக வந்து சரிபார்ப்பதாகவும் சொன்னான்.

படியில் நின்று எஸ்தருக்குப் போன் போட்டாள்.

"அப்ப கழியை அடைக்க மாட்டாங்களாக்கா?"

"அதெல்லாம் தெரியாது. பேரு ஏறியிருக்கு, அவ்ளோதான். புதன்கிழமை யாரும் இறங்காதீங்க. வீட்டுல இருங்க."

"அன்னிக்குக் கழியில தண்ணி வத்துற நாளாச்சேக்கா. இறால் நல்லா கிடைக்கும். எவ வூட்ல குந்துவா?"

தேசம்மா ஒரு பெருமூச்சு விட்டு, திரும்பவும் உள்ளே போனாள். செம்பியன் அப்போதுதான் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"சார், புதன்கிழமை வூடு வூடாப் போகாத. கழிக்கே வா," என்றாள். "பேண்ட்டை மடிச்சிக்கினு வரணும்."